கோராவின் கடிதம் ஏன் அசாமிக்கு மட்டும் போனது?

கேள்வி இதுதான்: "'தி லெஜண்ட் ஆஃப் கோரா' நான்கு சீசனும் பார்த்து முடித்தேன். கோரா வளர்ந்த விதம் பிடித்திருந்தது. காதல் பகுதிதான் மனதில் ஒட்டவே இல்லை. இரண்டு சீசன் மாகோவோடு சண்டையும் சமாதானமுமாகப் போகிறது, கடைசிக் காட்சியில் அசாமியோடு கைகோத்துப் போகிறாள். இது யோசித்து எழுதியதா, முடிவில் ஒட்டவைத்ததா?"

முடிவில் ஒட்டவைத்தது இல்லை. முதல் நாளிலிருந்து திட்டம் போட்டு எழுதியதும் இல்லை. நடுவழியில் கண்டுபிடித்த கதை அது. அப்படிக் கண்டுபிடித்ததால்தான் அதில் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த அனிமேஷன் தொடரை நான் பல முறை பார்த்திருக்கிறேன். நீர், மண், நெருப்பு, காற்று நான்கையும் ஆளக்கூடிய ஒரே ஆளை இதில் அவதார் என்பார்கள், கோராதான் அந்த அவதார். முதல் முறை எனக்கும் உங்களுக்கு வந்த அதே சந்தேகம் வந்தது. திரும்பப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது: கோராவுக்கு அடுத்தவரிடம் உதவி வாங்கத் தெரியாது. அதை அவள் கற்றுக்கொள்ளும் கதையும் அவள் காதல் கதையும் ஒன்றுதான். அந்தப் பாடம் ஆரம்பிக்காத வரைக்கும் காதல் காட்சிகள் தடுமாறுகின்றன. ஆரம்பித்த பிறகு, காதல் என்ற சொல்லே வராத காட்சிகள்கூடக் காதல் காட்சிகளாகிவிடுகின்றன.

முதல் சீசன் ஏன் அப்படி அவசரப்படுகிறது என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. மூலத் தொடரான 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' 2005 முதல் 2008 வரை நிக்கலோடியனில் 61 எபிசோடுகளாக வந்தது. அதை உருவாக்கிய மைக்கேல் டான்டே டிமார்ட்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும் அதற்கு 70 ஆண்டுகள் பிந்திய காலத்தில் ஒரு கிளைத் தொடரை யோசித்தபோது, அது 12 எபிசோடில் முடியும் குறுந்தொடராகத்தான் இருந்தது. கதை பின்னால் 52 எபிசோடுகள் வரை நீளும் என்று முதல் சீசனை எழுதும்போது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே அமான் என்ற வில்லன், ரிபப்ளிக் சிட்டி என்ற புது நகரம், பெண்டிங் (நீர், மண், நெருப்பு, காற்றை ஆளும் சக்தி) கொண்டு ஆடும் புரோ-பெண்டிங் போட்டி, ஒரு முக்கோணக் காதல், கோரா காற்றைக் கைவசப்படுத்துவது என எல்லாவற்றையும் அந்த 12 எபிசோடுக்குள்ளேயே திறந்து, அதற்குள்ளேயே மூடவும் வேண்டியிருந்தது.

இந்த நெருக்கடியில் அதிகம் அடிவாங்கியது காதல்தான். ஐந்தாவது எபிசோடை நினைத்துப் பாருங்கள். மாகோவின் தம்பி போலினுக்குக் கோராவைப் பிடித்திருக்கிறது. கோராவுக்கு மாகோவைப் பிடித்திருக்கிறது. மாகோ அசாமியோடு பழகிக்கொண்டிருக்கிறான். கோரா நேராகப் போய்ச் சொல்லிவிடுகிறாள், அப்புறம் முத்தமும் கொடுத்துவிடுகிறாள். பூங்கொத்தோடு வந்த போலின் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே ஓடுகிறான். எல்லாம் ஒரே எபிசோடில். வேடிக்கையாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் இவனிடம் அவளுக்கு என்ன பிடித்தது என்று கேட்டால் பதில் சொல்ல நமக்கு எதுவும் கையில் கிடைப்பதில்லை.

இதில் கோராவின் குணம் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். முதல் எபிசோடில் சிறு குழந்தையாகச் சுவரை உடைத்துக்கொண்டு வந்து, நான்தான் அவதார், நீங்கள்தான் சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று கத்துகிறாள் அல்லவா? பதினேழு வயதில் காதலையும் அதே மாதிரிதான் அணுகுகிறாள். எதிரே இருப்பவருக்கு அதனால் என்ன ஆகும் என்று நின்று யோசிக்க அவளுக்குத் தெரியவில்லை. தென் துருவத்தில் ஒரு மதிலுக்குள் அடைத்து, பயிற்சியைத் தவிர வேறெதுவும் காட்டாமல் வளர்த்த பெண் வேறு எப்படி நடந்துகொள்வாள்? ஆனால் அவளுடைய அந்தக் குறையைத் தொடர் ஒரு குறையாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஏமாற்றப்பட்ட அசாமி என்ன உணர்ந்தாள் என்பதற்குச் சில நிமிடங்கள்தான். இத்தனைக்கும் அந்த சீசனிலேயே மிகப் பெரிய முடிவை எடுப்பவள் அவள்தான். பெற்ற அப்பா ஹிரோஷி சாட்டோ எதிரிகளோடு சேர்ந்திருக்கிறார் என்று தெரிந்ததும், அவர் நீட்டிய மின்சாரக் கையுறையை வாங்கி மாட்டி, அதனாலேயே அவரைத் தாக்கி நண்பர்களைக் காப்பாற்றுகிறாள்.

முதல் சீசனின் முடிவில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. கோரா தன் பெண்டிங்கை இழந்துவிடுகிறாள். வைத்தியத்தில் கைதேர்ந்த கட்டாராவாலும் குணப்படுத்த முடியவில்லை. மாகோ வந்து, நீ அவதாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான், உன்னைக் காதலிக்கிறேன் என்கிறான். என்னால் முடியாது என்று அவள் ஓடிவிடுகிறாள். அந்த ஓட்டம் மிக உண்மையானது: தன்னிடம் சக்தி இல்லாதபோது யாரும் தன்னைப் பார்ப்பதையே அவளால் தாங்க முடியவில்லை. அதற்குள் நுழைந்திருந்தால் ஒரு முழு சீசனுக்கே விஷயம் இருந்தது. ஆனால் அவளுக்கு முந்தைய அவதாரான ஆங் தோன்றி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார், கோரா மாகோவைக் கட்டிக்கொண்டு தானும் காதலிப்பதாகச் சொல்கிறாள். காயமும் சில நிமிடத்தில் ஆறியது, காதலும் சில நிமிடத்தில் கைகூடியது. தொடர் இத்தோடு முடிந்தாலும் முடியலாம் என்ற நிலையில் எழுதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கடன் இரண்டாவது சீசனில் வட்டியோடு திரும்ப வந்தது.

இரண்டாவது சீசனில் இருவரும் காதலர்கள், ஆனால் சேர்ந்து என்ன செய்வதென்று இருவருக்குமே தெரியவில்லை. அவள் ஆலோசனை கேட்பாள், அவன் சொன்னதும் கோபப்படுவாள். அவன் வாயை மூடிக்கொண்டால் அதற்கும் கோபம். உள்நாட்டுப் போரில் தன் மக்களுக்கு உதவ, அதிபர் ரைக்கோவுக்குத் தெரியாமல் படையைக் கூட்டிப்போக நினைக்கிறாள். அதிபர் நேரடியாகக் கேட்டபோது போலீஸ்காரனான மாகோ உண்மையைச் சொல்லிவிடுகிறான். காவல் நிலையத்துக்கே வந்து அவன் மேஜையைத் தூக்கி எறிகிறாள் கோரா. அங்கேயே பிரிகிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த காவல் தலைவி லின் பெய்ஃபாங், நீ கொஞ்சத்தில் தப்பித்தாய், டென்சின் என்னை விட்டுப் போனபோது ஏர் டெம்பிள் தீவு என்ன கதியானது என்று நீ பார்த்திருக்கவேண்டும் என்கிற மாதிரி ஒன்று சொல்வாள். லின், கோராவின் குரு டென்சின், அவர் மனைவி பெமா மூவரின் பழைய முக்கோணத்தைத் தொடர் எங்கேயும் முழுதாகக் காட்டியதே இல்லை. இப்படி ஒன்றிரண்டு வரிகளிலும் லின்னின் முகத்திலும்தான் அது இருக்கிறது. இளையவர்களின் கதையைவிட அது ஆழமாகப் பட்டது எனக்கு.

அப்புறம் அந்த ஞாபகமறதி. ஆவி ஒன்று தாக்கியதில் நினைவிழந்து மீண்ட கோரா, பிரிந்ததே தெரியாமல் வந்து மாகோவை முத்தமிடுகிறாள். அதற்குள் அவன் மறுபடி அசாமியோடு நெருங்கியிருக்கிறான், வாயைத் திறக்காமல் நிற்கிறான். தொடரிலேயே பலவீனமான இடம் இதுதான். சீசன் கடைசியில் எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது, நமக்குள் இது சரிவராது என்று கோராவே சொல்லி, இருவரும் மரியாதையோடு பிரியும் காட்சி மட்டும் நன்றாக வந்திருக்கிறது. முதல் முறையாக அவள் ஒரு முடிவைக் கத்தாமல் எடுக்கிறாள். சற்று முன்புதான் தன் முற்பிறவி அவதார்கள் எல்லோருடனும் இருந்த தொடர்பை நிரந்தரமாக இழந்திருக்கிறாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆங் வந்து காப்பாற்றுவார் என்ற வழி அத்தோடு மூடிவிட்டது. இனி அவளுக்கு உயிரோடு இருக்கும் மனிதர்கள்தான் துணை.

மூன்றாவது சீசனில் எழுத்தே மாறுகிறது. முதல் எபிசோடிலேயே அசாமி கோராவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நீங்கள் பிரிந்திருந்தபோது நான் மாகோவை முத்தமிட்டேன் என்று அசாமியே சொல்கிறாள். கோரா சிரித்துவிடுகிறாள், ஏனென்றால் அவளும் அதைத்தானே செய்தாள். பேசிப் பழக இப்படி ஒரு தோழி எனக்கு இருந்ததே இல்லை என்கிறாள். இரண்டு சீசன் சிக்கலை அந்தச் சின்ன உரையாடல் அவிழ்த்துவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து மாகோ இவர்கள் கதையின் மையத்தில் இல்லை. பத்தாவது எபிசோடில் இருவரும் சிறைபிடிக்கப்பட்டு, ஆகாயக் கப்பல் விழுந்து பாலைவனத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கப்பலில் கோரா அசையமுடியாமல் கட்டப்பட்டிருக்க, தப்ப வழி தேடி முதலில் கட்டவிழ்த்துக்கொள்வது பெண்டிங்கே இல்லாத அசாமி. பிறகு உடைந்த கப்பலின் பாகங்களிலிருந்து மணலில் ஓடும் படகு ஒன்றைச் செய்வதும் அவள் மூளைதான். காற்றைக் கொடுத்து அதை ஓட்டுகிறாள் கோரா. காதல் என்று யாரும் பெயர் வைக்காத இடத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். மாகோவோடு இரண்டு சீசன் இருந்தும் இது நடக்கவில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது சீசன் கடைசியில் ரெட் லோட்டஸ் கூட்டம் கோராவின் உடலில் பாதரச நஞ்சைச் செலுத்துகிறது. பிழைத்துக்கொள்கிறாள், ஆனால் உடைந்துபோகிறாள். இந்த முறை யாரும் தோன்றி நெற்றியைத் தொட்டுச் சரிசெய்யவில்லை. இரண்டு வாரம் கழித்து, டென்சினின் மகள் ஜினோரா மாஸ்டர் ஆகும் சடங்குக்குப் போக கோராவைத் தயார்படுத்துபவள் அசாமி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளின் முன்னால் குனிந்து, எது பேசவேண்டுமென்றாலும் நான் இருக்கிறேன் என்கிறாள். கோரா ஓடவில்லை, விரட்டவும் இல்லை. முதல் சீசன் முடிவில் மாகோ நீட்டியதும் கிட்டத்தட்ட இதே ஆறுதல்தான். அன்று கோராவால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. இன்று முழுவதும் வாங்கிக்கொள்ளவில்லை என்றாலும் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

பிறகு நான்காவது சீசனின் இரண்டாவது எபிசோட், 'கோரா அலோன்'. இரண்டு மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவள் மூன்று வருடம் திரும்பவில்லை. எல்லோரும் கடிதம் எழுதுகிறார்கள், அவள் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. கடைசியில் அசாமிக்கு மட்டும் ஒன்று எழுதுகிறாள். இந்த இரண்டு வருடம் என் வாழ்க்கையிலேயே கடினமானது, அவதார் நிலைக்குப் போக முடியவில்லை, அன்று நடந்தது கண்முன் வந்துகொண்டே இருக்கிறது, முழுசாகக் குணமாகவே மாட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்று அதில் ஒத்துக்கொள்கிறாள். மாகோவிடமும் போலினிடமும் இதைச் சொல்லிவிடாதே, அவர்கள் மனம் புண்படும், உன்னிடம் இதையெல்லாம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது என்று முடிக்கிறாள்.

நான்தான் அவதார் என்று ஊர் அதிரக் கத்திய குழந்தை, பயமாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்த முதல் காகிதம் அது. அதைப் படிக்க அவள் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு ஆளை. இந்தத் தொடரில் கோரா வளர்ந்த இடம் எது என்று கேட்டால் இதைச் சொல்வேன், காதல் தொடங்கிய இடம் எது என்று கேட்டாலும் இதையே சொல்வேன். நான்காவது சீசனின் வில்லி குவீராவை வென்றது எல்லாம் இதற்குப் பிறகுதான். எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, கடிதம் எழுதியதும் அவள் தேறிவிடுவதில்லை. அதன் பிறகும் பொய் சொல்லிவிட்டு ஊர் ஊராகத் திரிகிறாள், மண் அரங்கில் அடிவாங்குகிறாள், சதுப்புநிலத்தில் கிழவி டாஃபிடம் திட்டு வாங்குகிறாள், உடம்பில் மிச்சமிருந்த உலோகத்தைத் தானே வெளியே எடுக்கவேண்டியிருக்கிறது. தன்னைச் சித்திரவதை செய்தவனையே சிறையில் போய்ச் சந்திக்கும் அளவுக்கு அது நீள்கிறது. மனக்காயம் ஆற எத்தனை காலம் பிடிக்குமோ அத்தனை எபிசோடுகளை அதற்குக் கொடுத்த குழந்தைகள் சானல் தொடர் இது.

அசாமியும் கோராவை எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்கும் தோள் மட்டும் இல்லை. மூன்று வருடம் கழித்து ஏழாவது எபிசோடில் சந்திக்கிறார்கள். அசாமி கோராவின் வெட்டிய முடி நன்றாக இருக்கிறது என்கிறாள், கோராவுக்குக் கன்னம் சிவக்கிறது. எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அதே எபிசோடில் வரும் சண்டை. சிறையிலிருக்கும் அப்பாவை அசாமி போய்ப் பார்க்க ஆரம்பித்திருக்கிறாள். அவரை நம்பலாமா என்று கோரா கேட்டதும், மூன்று வருடம் காணாமல் போய்விட்டு வந்து எனக்கு எது நல்லது என்று நீ சொல்லாதே என்று நறுக்கென்று பதில் சொல்கிறாள். மேஜை பறக்கவில்லை. கோரா கேட்டுக்கொள்கிறாள். காவல் நிலையத்தில் நடந்த அந்தச் சண்டையையும் இதையும் அடுத்தடுத்துப் பாருங்கள், கோரா எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது தெரியும்.

மாகோவுக்கு அநியாயம் நடந்தது என்று நினைப்பவர்களோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். முதல் இரண்டு சீசன் எழுத்து அவனைக் கெடுத்துவிட்டது. பட்ஜெட் வெட்டப்பட்டதால் நான்காவது சீசனில் பழைய காட்சிகளைக் கோத்து ஒரு எபிசோட் செய்யவேண்டி வந்தது. அதில் மாகோ தன் காதல் கதையைச் சொல்ல, இளவரசர் வூ அவனைக் கிண்டல் செய்வார். எழுதியவர்களே தங்கள் பழைய தவறை ஒப்புக்கொண்டது போல இருந்தது. ஆனால் கடைசி எபிசோடில் கோராவிடம் மாகோ, என்ன நடந்தாலும் உன் பின்னால் நான் நிற்பேன் என்கிறான். ஒரு பிரதிபலனும் கேட்காமல் சொல்கிறான். அவனும் வளர்ந்துதான் இருக்கிறான்.

மற்ற ஜோடிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோராவின் ஒன்றுவிட்ட சகோதரி எஸ்கா போலினை அடிமை போல நடத்துவதைச் சிரிப்பாக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. ஓபலோடு அவன் கதை நேர்மையானது. வாரிக்கும் ஜூ லியும் மட்டும் தனியாகக் குறிப்பிடத் தகுந்தவர்கள், உதவியாளரைப் பொருளாக நடத்திய ஒருவன் அவளைச் சமமாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதால். அதற்கு நேரெதிர் குவீரா. தான் மணக்க இருந்த பாட்டார் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தே அந்தக் கட்டடத்தின்மேல் ஆயுதத்தை ஏவுகிறாள். யாரும் தேவையில்லை என்று முடிவுசெய்துவிட்ட கோரா எப்படி இருந்திருப்பாள் என்பதை அவளிடம் பார்க்கலாம். அதனால்தான் கோரா அவளைக் கொல்லாமல் குறுக்கே நின்று காப்பாற்றுவது பொருந்துகிறது.

சரி, கடைசிக் காட்சி. கோரா–அசாமி காதல் என்ற எண்ணம் முதல் சீசன் நாட்களிலேயே பேச்சில் வந்தது, ஆனால் குழந்தைகள் தொலைக்காட்சியில் நடக்காது என்று அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று கொனியெட்ஸ்கோ பின்னால் எழுதினார். பிறகு சானலிடம் கேட்டபோது ஆதரவு இருந்தது, ஆனால் எதுவரை காட்டலாம் என்பதற்கு எல்லையும் இருந்தது. 2014 டிசம்பர் 19 அன்று கடைசி எபிசோட் வெளிவந்து சில நாட்களில், இது காதல்தான் என்று படைப்பாளர்கள் இருவரும் வெளிப்படையாக எழுதினார்கள். ஆவி உலகத்துக்கான ஒளிவாசலில் கோராவும் அசாமியும் கைபிடித்து எதிரெதிரே திரும்பும் நிலை, சற்று முன் வாரிக்–ஜூ லி திருமணத்தில் வந்த நிலையை வேண்டுமென்றே நினைவூட்டுவது என்று கொனியெட்ஸ்கோ சொன்னார்.

அந்த எல்லை கதையைப் பாதித்தது என்பதை மறைக்க மாட்டேன். நட்பு எப்போது காதலாக மாறியது என்று அவர்கள் இருவருமே உணரும் ஒரு காட்சி வேண்டும், அது இல்லை. நான்காவது சீசனில் அசாமிக்குக் கிடைத்த நேரமும் குறைவு. உங்களுக்கு ஒட்டவில்லை என்று தோன்றியதற்குக் காரணம் இந்த இடைவெளிதான், உங்கள் கவனக்குறைவு இல்லை. விட்டுப்போன காட்சியைத்தான் டிமார்ட்டினோ எழுதி 2017இல் வெளிவரத் தொடங்கிய 'டர்ஃப் வார்ஸ்' காமிக்ஸ் தருகிறது. அது ஆவி உலகத்தில் இருவரும் கழிக்கும் விடுமுறையிலிருந்தே ஆரம்பிக்கிறது, கோரா பெற்றோரிடம் சொல்வதும் அதில் உண்டு.

ஆனால் காமிக்ஸைத் தேடும் முன் திருமணப் பந்தலுக்கு வெளியே படிக்கட்டில் நடக்கும் அந்தப் பேச்சை இன்னொரு முறை பாருங்கள். கோரா, இத்தனை நாள் உன்னை விட்டுப் போனதற்கு மன்னித்துக்கொள் என்கிறாள். நீ இப்போது இங்கே இருப்பதே போதும், அப்பாவையும் உன்னையும் ஒரே நாளில் இழந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது என்கிறாள் அசாமி. அப்பாவைச் சமீபத்தில்தான் போரில் பறிகொடுத்திருக்கிறாள். கோரா ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை, அவளைக் கட்டிக்கொள்கிறாள். இந்த முறை சாய்ந்துகொள்வது அசாமி, தாங்குவது கோரா.